பேத்தியின் பட்டியலும் எங்கள் ஆபீஸ் போர்டும்

போன மாதம் என் பேத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். சென்னையில் கிராஃபிக் டிசைன் இரண்டாம் வருடம் படிக்கிறாள். உன்னைத் தூண்டிய ஓவியர்கள், புகைப்படக்காரர்கள் ஐந்து பேரைப் பற்றி எழுதிக்கொண்டு வந்து வகுப்பில் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்களாம். ஐந்து பேரில் மூன்று பேர் பிரெஞ்சுக்காரர்கள். "பேரை எல்லாம் சரியா உச்சரிக்கச் சொல்லிக் குடு தாத்தா" என்றாள். இந்த வீட்டில் எனக்கு இன்னும் மிச்சமிருக்கும் ஒரே உத்தியோகம் அதுதான்.

கஸாந்த்ர், கார்த்தியே-ப்ரெஸோன், துவானோ. மற்ற இருவர் அமெரிக்கர்கள்: சினிமா போஸ்டர் போட்ட சால் பாஸ், நியூயார்க் மாநிலத்துக்கு அந்தச் சிவப்பு இதயத்தை வரைந்து கொடுத்த மில்ட்டன் கிளேசர்.

இந்தப் பட்டியலைக் கடற்கரையில் மாலை நடைக்கு வரும் நண்பர்களிடம் சொன்னேன். உடனே ஒருவர், "ஏன்யா, நம்ம ஆளு ஒருத்தன்கூட இல்லையா? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வெள்ளைக்காரன் வரைஞ்சாத்தான் படம்" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்தப் பிள்ளை தேர்ந்தெடுத்ததில் தப்பே இல்லை. கஸாந்த்ர் என்பவர் 1901இல் ருசியப் பேரரசில் இருந்த கார்க்கிவ் நகரில் பிறந்து பாரீசுக்கு வந்தவர். 1932இல் துபொன்னே என்ற மது வகைக்கு அவர் போட்ட விளம்பரம் மூன்று கட்டமாக இருக்கும். முதல் கட்டத்தில் ஒரு ஆள் கிளாசைப் பார்க்கிறான், உடம்பில் கொஞ்சம்தான் வண்ணம். இரண்டாவதில் குடிக்கிறான், பாதி உடம்புக்கு வண்ணம் ஏறிவிட்டது. மூன்றாவதில் மறுபடியும் ஊற்றிக்கொள்கிறான், முழு ஆளும் வண்ணம். கீழே எழுத்தும் அதே மாதிரி துபோ, துபொன், துபொன்னே என்று நிரம்பிக்கொண்டே வரும். பிரெஞ்சு தெரிந்தவனுக்கு முதல் இரண்டும் 'அழகானது', 'நல்லது' என்று காதில் விழும். வண்டியில் போகிறவன் ஒரு நொடி பார்த்தாலும் பதிய வேண்டும் என்று போட்ட படம். சாராயத்துக்குப் போய் இவ்வளவு மூளையா என்று கேட்காதீர்கள். பாண்டிச்சேரிக்காரன் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது.

இதை விளக்கியபோது பேத்தி வாயைப் பிளந்தாள். அந்தப் படத்தை அவள் நூறு தடவை போனில் பார்த்திருக்கிறாளாம். எழுத்தில் இருக்கும் சிலேடை அவளுக்குத் தெரியாது. எனக்கு அங்கேதான் முதல் சந்தேகம் வந்தது.

துவானோ எடுத்த முத்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1950, பாரீஸ் நகரமன்றத்துக்கு எதிரில். தற்செயலாகக் கண்ணில் பட்டதை எடுத்தார் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. அது நடிக்கச் சொல்லி எடுத்த படம் என்று 1990களில் வழக்கு வந்தபோது தெரிந்தது. எனக்கு அந்தப் படத்தைவிட அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எடுத்த படங்கள் பிடிக்கும். ஒரு பையன் விடை தெரியாமல் கூரையைப் பார்ப்பான், பக்கத்துப் பையன் ஓரக்கண்ணால் அடுத்தவன் சிலேட்டைப் பார்ப்பான். பாரீஸ் என்ன, பாண்டிச்சேரி என்ன! அந்தக் கூரையை நானும் பார்த்திருக்கிறேன்.

கார்த்தியே-ப்ரெஸோன் விஷயம் வேறு. அவர் நம் ஊருக்கே வந்தவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படம் எடுத்தார். பிறகு இங்கே வந்து ஸ்ரீ அரவிந்தரையும் அன்னையையும் எடுத்தார். அரவிந்தர் பல வருடங்களாகப் படம் எடுக்க யாரையும் அனுமதிக்காமல் இருந்தவர். அந்த டிசம்பரில் அவரும் காலமாகிவிட்டார். அப்போது இது பிரெஞ்சு மண், நான் கைக்குழந்தை. என் பேத்திக்கு இது எதுவும் தெரியவில்லை. அவள் பட்டியலில் அவர் பாரீசில் தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கிற மனிதனை எடுத்தவர், அவ்வளவுதான். வீட்டிலிருந்து இருபது நிமிட நடையில் அந்த லைக்கா காமெரா வந்து போன இடம் இருக்கிறது என்றதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஆக, அவள் தூரத்து ஆட்களைப் பிடித்துக்கொண்டதில் எனக்குக் குறை இல்லை. படத்தைப் பார்த்தாளே தவிர, அது எந்த ஊரில், எதற்காக, யார் கண்ணுக்காகப் போடப்பட்டது என்று பார்க்கவில்லை. குறை அதில்தான். அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

நான் எழுத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில். பிரெஞ்சு வகுப்பில் செர்ழான்-மழோர் நிப்பு, ஊதா மை. கோடு கீழே இறங்கும்போது அழுத்த வேண்டும், மேலே ஏறும்போது விட வேண்டும். அழுத்தினால் தடிப்பு, விட்டால் மெலிவு. தப்பினால் முசியேவின் ஸ்கேல் விரலில் இறங்கும். மேசையில் லரூஸ் அகராதி. அதில் பஞ்சுப் பூவின் விதைகளை ஊதிவிடும் ஒரு பெண்ணின் படம் இருக்கும். அதை 1890இல் வரைந்தவர் எழேன் கிராஸே என்பதெல்லாம் ரிட்டயர் ஆன பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்கு அவள் வெறும் 'ஊதுகிற பொம்பளை'. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து எத்தனை நோட்டின் கடைசிப் பக்கத்தை நான் பாழாக்கியிருக்கிறேன்! ஓவியம் படிக்கிறேன் என்று அப்பாவிடம் ஒரு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை கேட்கவில்லை. குமாஸ்தா ஆனேன்.

இனி நம்ம ஆட்கள். ஆதிமூலம் ஒருவர் போதுமே. 1969இல் காந்தி நூற்றாண்டின்போது காந்தியையே நூறு கோட்டோவியங்களாக வரைந்தவர். கி.ரா.வின் கரிசல் காட்டுக் கடுதாசி ஜூனியர் விகடனில் வந்தபோது அவர் போட்ட படங்களை வெட்டி வைத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தமிழ்ப் புத்தகங்களின் அட்டைக்கு, பத்திரிகைத் தலைப்புக்கு அவர் எழுதிய எழுத்துகள் அச்சு எழுத்து மாதிரி இருக்காது. கிறுக்கிய மாதிரி இருக்கும், ஆனால் ஒரு கோட்டை எடுத்துவிட முடியாது. அதற்கும் முன்னால் கோவில்பட்டி கொண்டையராஜு. நம் வீட்டுக் காலண்டரில் முருகனும் மீனாட்சியும் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்களில் அவர் முக்கியமானவர். அவரும் ஒரு காலத்தில் ரமணாசிரமத்தில் இருந்தவர்தான்.

இவர்களைப் பேத்திக்குச் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டாள். ஆனால் நான் உண்மையில் சொல்ல நினைத்த ஆள் இவர்கள் யாரும் இல்லை.

நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குப் போர்டு எழுதுகிறவர் ஒருவர் வருவார். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி, அதில் எனாமல் டப்பாக்கள், பிரஷ்கள், சாக்குத்தூள் தடவிய நூல். நூலை இரண்டு முனையிலும் பிடித்துச் சுண்டினால் தகரத்தில் நேர்கோடு விழும். பிறகு எழுத்துகளை எண்ணுவார். ர-வுக்கும் காலுக்கும் அரை இடம், ண-வுக்கும் ஞ-வுக்கும் ஒன்றரை. எண்ணி முடித்து நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பிரிப்பார். அரசாங்கத் துறைகளின் பெயர் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். எவ்வளவு நீளமானாலும் கடைசி எழுத்து ஒருநாளும் ஓரத்தில் நசுங்கியதில்லை.

எங்கள் போர்டில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் வரும். அவருக்குப் பிரெஞ்சு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாது. நான் தாளில் எழுதிக் கொடுப்பேன், அவர் வரைவார். முதல் தடவை 'எ' எழுத்தின் தலையில் இருக்கும் சாய்கோட்டைக் காட்டி, "இது புள்ளி மாதிரியா சார்? விட்டா தப்பா?" என்று கேட்டார். விட்டால் உச்சரிப்பே மாறிவிடும் என்றேன். "அப்ப நம்ம புள்ளியேதான்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கோட்டுக்கு மட்டும் மெல்லிய பிரஷ் எடுத்தார். மேலே ஏறும்போது மெலிவு. நிப்பைப் பிடிக்காமலே அது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் ஃபைலை மூடிவைத்துவிட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். மேலதிகாரி இரண்டு தடவை கேட்டிருக்கிறார், உனக்கு வேலை இல்லையா என்று.

பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. போர்டு மாற்ற வேண்டும் என்று ஃபைல் என் மேசைக்கு வந்தபோது மூன்று விலைப்புள்ளி வாங்கினேன். இரண்டு ஃப்ளெக்ஸ் கடை, ஒன்று அவர். ஒப்புநோக்குப் பட்டியல் தயாரித்தேன். சதுர அடிக்கு அவர் கேட்டதில் பாதிகூட இல்லை ஃப்ளெக்ஸ். 'குறைந்த விலைப்புள்ளியை ஏற்கலாம்' என்று குறிப்பு எழுதி, நல்ல கையெழுத்தில் கையொப்பம் போட்டு மேலே அனுப்பினேன். விதிப்படி அதுதான் சரி. இன்றைக்குக் கேட்டாலும் விதிப்படி அதுதான் சரி. ஆனால் கையால் எழுதிய போர்டு இத்தனை வருடம் உழைக்கும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அதை எந்த விதியும் தடுக்கவில்லை. சேர்க்கத் தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, எழுதவில்லை. ஆடிட் கேள்வி வருமே என்று பயம்.

பழைய பாக்கி ஒன்றை வாங்க அவர் அலுவலகத்துக்கு வந்தார். புது ஃப்ளெக்ஸ் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். விலை பற்றியும் ஃபைல் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. "சார், அந்தத் தலைக்கோடு விட்டுப்போச்சே" என்று மட்டும் சொன்னார். உண்மைதான். கம்ப்யூட்டரில் அடித்தவன் அதை விட்டிருந்தான். பிரெஞ்சு படித்த நான் நான்கு நாளாக அதன் கீழே நுழைந்து போய்க்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை.

இதனால்தான் கடற்கரை நண்பர்களின் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. நம்ம ஆளு பட்டியலில் இல்லை என்று இருபது வயதுப் பெண்ணைக் குறை சொல்கிறோம். நம்ம ஆளைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்திய ஃபைலில் குறிப்பு எழுதியது அவளா? அவள் பிறப்பதற்கு முன்பே நாம்தான் எழுதினோம். அன்று என்னோடு தலையாட்டியவர்களில் இரண்டு பேர் அந்தக் காலத்தில் இதே மாதிரி ஃபைல் பார்த்தவர்கள். படித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

பேத்தி போன வருடம் செய்த ஒரு போஸ்டரையும் காட்டினாள். ஆங்கில எழுத்து நன்றாக உட்கார்ந்திருந்தது. தமிழில் 'வாழ்க' என்ற சொல்லில் ழ-வின் வால் கீழ் வரியோடு முட்டிக்கொண்டு நின்றது. இணையத்தில் கிடைத்த எழுத்தை அப்படியே போட்டேன் என்றாள். கஸாந்த்ரிடம் இதற்கு விடை இருக்காது. அவர் ழ-வைப் பார்த்ததில்லை. மரப்பெட்டிக்காரரிடம் இருந்தது. வால் இறங்க இடம் விட்டு அடுத்த வரியைத் தள்ளிப்போடுவார், அல்லது வாலைப் பக்கவாட்டில் மடக்கிக் க-வுக்குக் கீழே படுக்கவைப்பார். நான் அதைத் தாளில் போட்டுக் காட்டினேன். கை நடுங்குகிறது, இருந்தாலும் வந்தது. தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் கேட்டாள், "அவர் எழுதின போர்டு எங்கயாவது இருக்கா தாத்தா?" ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து முதலியார்பேட்டையிலிருந்து முத்தியால்பேட்டை வரை சுற்றினோம். தெரிந்த சுவரெல்லாம் இடித்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு சந்தில், மூடிக்கிடக்கும் தையல்கடையின் கதவுக்கு மேல் ஒரு தகரம். பாதி துரு. ஆனால் அந்த ண-வை நான் எங்கே பார்த்தாலும் சொல்வேன். பேத்தி என் கைத்தடியைப் பக்கத்தில் நிறுத்தி, அளவு தெரியட்டும் என்று படம் எடுத்தாள். பிறகு எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை விரலால் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டாள்.

பட்டியலில் ஆறாவது பெயர் சேர்ந்ததா என்று நான் கேட்கவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் வருகிறாளாம். லாஸ்பேட்டை, நெல்லித்தோப்பு, உருளையன்பேட்டைப் பக்கம் கையால் எழுதிய பழைய தகரப் போர்டு, கடைப் போர்டு எது கண்ணில் பட்டாலும், தெருப் பெயரையும் அடையாளத்தையும் எனக்குத் தெரியப்படுத்துங்கள். கழற்றிப் பரணில் போட்டு வைத்திருந்தாலும் பரவாயில்லை, வந்து பார்க்கிறோம். காயலான் கடைக்குப் போடுவதாக இருந்தால் ஒரு வாரம் மட்டும் பொறுங்கள்.