வீட்டு கம்ப்யூட்டரே ஸ்டுடியோ!

ஆரோவில் பக்கம் கிடாரும் கையுமா சுத்துற ஃப்ரெண்ட்ஸ், கவனிங்க! ஸ்டுடியோ வாடகைக்குப் பாக்கெட் மணியைக் கொட்டாம, வீட்டு கம்ப்யூட்டரிலேயே ரெக்கார்ட் பண்ணலாம். ஆனா, கிடார் வயரை நேரா மைக் ஓட்டையில் சொருகாதீங்க, சத்தம் மங்கிடும். 'இன்ஸ்ட்ரூமென்ட்' இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் வேணும்.

மீட்டினதும் சத்தம் லேட்டா வருதா? பஃபரைக் குறைங்க. நொடிக்கு 44,100 சாம்பிள் கணக்கில், 1,024 வெச்சா பஃபரால மட்டும் 23 மில்லி செகண்ட் தாமதம். 256 வெச்சா 6 தான். ரொம்பக் குறைச்சா 'பட்பட்'னு வெடிக்கும்.

பாஸ் கிடாரோட தடிமனான கம்பி 41 ஹெர்ட்ஸ். குட்டி ஸ்பீக்கருக்கு அந்த அடிநாதம் எட்டாது. நல்ல ஹெட்போன்ல கேட்டு மிக்ஸ் பண்ணுங்க.

மரக்காணம் உப்புக் காத்து கம்பியைத் துருப்பிடிக்க வெச்சிடும். வாசிச்சதும் துணியால துடைங்க. செத்த கம்பிக்கு எந்த சாஃப்ட்வேரும் உயிர் கொடுக்காது, பாஸ்!