தலைவலி என்றால் சாக்கா?



சிங்கப்பூர் தேக்காவுக்குப் போய் வருகிற நம்மவர் பையில் எது இருக்கிறதோ இல்லையோ, கோடாலித் தைலம் இரண்டு புட்டி இருக்கும். 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய கம்பெனியின் சரக்கு அது. பிள்ளை "அம்மா, தலை வலிக்குது" என்றால் நெற்றியில் இரண்டு சொட்டு. அடுத்த வாரமும் வலிக்குது என்றால், "போடா, ஸ்கூலுக்கு மட்டம் போடப் பாக்குறியா?" என்று ஒரு அதட்டல். அதோடு வைத்தியம் முடிந்தது!

தைலம் தேய்ப்பது தப்பில்லை. கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம். பிள்ளை சொல்வதை நம்பாததுதான் தப்பு.

மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலி பிள்ளைகளுக்கும் வரும். பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். சிறு பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலிக்கும். வாந்தி வரலாம், வெளிச்சமும் சத்தமும் ஆகாது. சில மணி நேரத்தில் விட்டும் போகும். காலையில் சுருண்டு படுத்த பிள்ளை மாலையில் பந்து விளையாடினால், "நடிச்சிருக்கான்" என்கிறோம். நடிப்பல்ல, அந்த நோயின் குணமே அப்படி! பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம்.

பசி, தூக்கக் குறைவு, தண்ணீர் குடிக்காமை ஆகிய மூன்றும் இதைக் கிளப்பிவிடும். நம் வீட்டைப் பாருங்கள். விடியுமுன் நாம் வேலைக்காட்டுக்குப் போய்விடுகிறோம். பிள்ளை பசியாறாமல் பஸ் ஏறுகிறது. ஜொகூரிலிருந்து சிங்கப்பூர்ப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளோ பாலம் தாண்ட இருட்டிலேயே எழுந்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி, 2016இல் தொடங்கும் நேரத்தைக் காலை 7.30இலிருந்து 8.15க்குத் தள்ளிவைத்தது. ஆராய்ந்து பார்த்ததில், மாணவிகளின் தூக்கம் கூடியது. பகலில் தூங்கி வழிவது குறைந்தது. பள்ளி நேரம் நம் கையில் இல்லை. ஆனால் இரவே எடுத்துவைக்கும் ரொட்டியும், ஒரு போத்தல் தண்ணீரும், படுக்கும் முன் கைப்பேசியை வாங்கி வைப்பதும் நம் கையில்தானே இருக்கின்றன?

வலி வந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். சாப்பிட்டதா, தூங்கியதா என்றும் எழுதுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி. பனடோலை அளவு பார்த்துக் கொடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். அடிக்கடி விழுங்கினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் கூடவே கூடாது.

வலியால் விடியற்காலையில் விழித்து வாந்தி எடுத்தாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், பார்வையோ நடையோ தடுமாறினாலும், வலிப்பு வந்தாலும், தலையில் அடிபட்ட பின் வலித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

உடம்பு முடியவில்லை என்று நாம் லீவு கேட்கும்போது, மேலே இருப்பவர் "சாக்கு" என்றால் நமக்கு எவ்வளவு கொதிக்கிறது! அதே சொல்லை நம் பிள்ளையிடம் நாமே சொல்லலாமா?