குதிரையின் கண்ணும் கதிர் வைத்தியமும்

கண் மனிதருக்கு மட்டும் உரிய செல்வமன்று; வாயில்லாப் பிராணிகளுக்கும் அதுவே வழிகாட்டி. குதிரையின் கண்ணில் தோன்றும் புற்றுநோயையும், அதற்குக் கதிர்வீச்சினால் செய்யப்பெறும் சிகிச்சையையும் இம்மாதம் ஆராய்வோம்.

இந்நோய் பெரும்பாலும் இமைகளிலும், மூன்றாவது இமையிலும், கருவிழியும் வெள்விழியும் கூடும் ஓரத்திலும் தொடங்குகின்றது. முதலில் இளஞ்சிவப்பான சிறு பருவாகத் தோன்றும். கண்ணில் நீர் வடியும். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் இதற்கு ஒரு முக்கிய காரணம். ஆதலால் கண்ணைச் சுற்றிக் கருநிறமின்றி வெளிறிய தோலுடைய குதிரைகளையே இது மிகுதியும் பற்றுகின்றது.

மருத்துவர் முதற்கண் கட்டியை அறுத்து அகற்றுவர். எஞ்சிய நோயணுக்கள் மீண்டும் தழைக்காதிருக்க, ஸ்ட்ரான்ஷியம்-90 பொதிந்த சிறு கருவியின் முனையை அவ்விடத்தில் சிறிது நேரம் வைப்பர். அதினின்று எழும் பீட்டாக் கதிர்கள் திசுவினுள் சில மில்லிமீட்டர் ஆழமே செல்லும். ஆகவே மேற்புறத்து நோய் அழியும். உட்கண் பெரிதும் தப்பும். கருவியை எடுத்தபின் குதிரையின் உடலில் கதிரியக்கம் எஞ்சுவதில்லை. கட்டி இமையில் ஆழப் பரவியிருப்பின் இம்முறை போதாது. அப்பொழுது இரிடியம்-192 போன்றவற்றைத் திசுவினுள் சில நாள் பதித்து வைப்பதுண்டு; அந்நாட்களில் குதிரையைத் தனியே நிறுத்தல் வேண்டும்.

மனிதர் கண்ணுக்கும் தத்துவம் இதுவே. டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் தயாரித்த அயோடின்-125 மணிகளைக் கொண்டு, சென்னை சங்கர நேத்ராலயாவில் கண் கட்டிகளுக்குச் சிகிச்சை அளித்துள்ளனர்.

குடுபல்லியில் வாழும் நமக்கு இதனால் யாது பயன் என்று அன்பர்கள் வினவலாம். ஜட்காக் குதிரைகள் அருகிவிட்டன. ஆனால் தொழுவத்தில் பசு உண்டு. இதே நோய் பசுவையும் பற்றும். கண்ணைச் சுற்றி வெண்மை படர்ந்த கலப்பினப் பசுக்களை உடையோர் கருத்தூன்றிக் கவனித்தல் நலம். நிலம் நீச்சு இன்றி ஊர்விட்டு வந்த குடும்பத்திற்குப் பால் விற்ற காசன்றோ பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு ஆதாரம்!

கதிர்க் கருவியை நாடிச் செல்லுதல் எல்லார்க்கும் இயலாது. எனினும் பரு சிறிதாயிருக்கையில் கண்டால், கத்தி ஒன்றே பெரும்பாலும் போதும். தூசி விழுந்ததென்று பச்சிலைச் சாற்றைப் பிழிந்து நாளைக் கடத்தினால், நோய் கண்ணைத் தின்று எலும்பையும் எட்டும். நீர் வடிதல் நில்லாவிடில் உடனே உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. மேற்சிகிச்சை வேண்டின், 1955-இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி திருப்பதியில் இருக்கின்றது. வாரம் ஒருமுறை பசுவின் இமையை விலக்கிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.