மவுஸ் பிடிக்கும் முன் மலையேறுங்கள்!



கம்ப்யூட்டரில் கேம் விளையாடும்போது, 'எந்நேரமும் அதையே கட்டிக்கிட்டு அழு!' என்று அம்மா திட்டுகிறாரா? அந்தத் திட்டில் பாதி நியாயம்தான். யாரோ போட்டு வைத்த பாதையிலேயே தினமும் ஓடிக்கொண்டிருந்தால், நமக்கு என்ன மிஞ்சும்?

அந்தப் பாதையை நீங்களே போட்டுப் பாருங்களேன்! அதற்கென்றே 'லெவல் எடிட்டர்' என்ற கருவி இருக்கிறது. பெங்குவின் ஓடிக் குதிக்கும் 'சூப்பர்டக்ஸ்' என்ற இலவச விளையாட்டிலேயே அது உண்டு. தரை, சரிவு, நாணயம், எதிரி எல்லாம் அதில் கிடைக்கும். கட்டம் கட்டமாக எடுத்து அடுக்கினால், உங்கள் லெவல் தயார்!

'அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் வேலை' என்று ஒதுங்காதீர்கள். 'கவுன்டர் ஸ்டிரைக்' விளையாட்டில் 'டஸ்ட்' என்ற களம் உலகப் புகழ் பெற்றது. 1999-ல் அதை உருவாக்கிய டேவ் ஜான்ஸ்டன், அப்போது இங்கிலாந்தில் ஒரு பதின்வயதுப் பையன்!

ஆனால், எடிட்டரைத் திறந்ததும் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். கிடைத்ததையெல்லாம் கொட்டிவிடுகிறார்கள். அடி எடுத்து வைத்தால் பள்ளம், நிமிர்ந்தால் எதிரி. விளையாடுகிறவர் இரண்டே நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்.

நல்ல லெவல் அமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா? முதலில் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பாருங்கள் என்பேன்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நேராகச் சாலை போட்டால் செங்குத்தாக இருக்கும்; பஸ் ஏறாது. அதனால் தூரத்தைக் கூட்டி, ஏற்றத்தைக் குறைத்திருக்கிறார்கள். லெவலிலும் அப்படித்தான். கஷ்டத்தை ஒரேயடியாக வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நடுநடுவே மூச்சு வாங்க இடம் கொடுங்கள்.

மலை மேலே ஆகாய கங்கை அருவி. அதைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அருவி கண்ணில் படும் முன்பே அதன் சத்தம் காதில் விழும். 'இதோ வந்துவிட்டது' என்று கால் தானாக நடக்கும். உங்கள் லெவலிலும் அம்புக்குறி போட்டு இழுக்காதீர்கள். ஆசை காட்டி அழையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'கொல்லி' என்ற பெயரைக் கேட்டதும் பேய்களையும் வில்லன்களையும் நிரப்பிவிடாதீர்கள். அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். சாமை, தினை, மிளகு, காபி, பலா எல்லாம் விளைகின்றன. அந்த மலைப் பிள்ளை ஒருவர் உங்கள் லெவலை விளையாடினால், 'இது எங்க ஊரு!' என்று துள்ள வேண்டும், தலைகுனியக் கூடாது.

மலையிலேயே வாழும் பிள்ளைகளே, உங்கள் ஊர் ஒற்றையடிப் பாதை எந்த கேம் கம்பெனிக்கும் தெரியாது. அதை நீங்கள்தான் செய்து காட்ட வேண்டும்!

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையா? கவலை வேண்டாம். எல்லாருமே கட்டம் போட்ட கணக்கு நோட்டில்தான் தொடங்க வேண்டும். உங்கள் தெருவையோ, பள்ளிக்குப் போகும் வழியையோ பென்சிலால் வரையுங்கள். பிறகு நண்பனிடம் கொடுத்து, 'எப்படிப் போவாய்?' என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாயே திறக்கக் கூடாது! அவன் திணறும் இடத்தில் தப்பு அவனுடையதல்ல, உங்கள் பாதையில்தான். அழித்து மறுபடி வரையுங்கள்.

அப்புறம் ஒருநாள் அம்மா திட்ட வரும்போது, 'அம்மா, இது நானே செஞ்சது. விளையாடிப் பாரேன்!' என்று நாற்காலியை அவரிடம் நகர்த்துங்கள்.

என்ன, பென்சில் எடுத்தாச்சா?