கருப்பைக்குள் ஒரு தடுப்புச் சுவர்

கேள்வி: எனக்கு மூன்று முறை கரு தங்கி, மூன்றும் மூன்று மாதத்துக்குள் கலைந்துவிட்டன. கருப்பைக்குள் தடுப்புச் சுவர் இருப்பதாக ஸ்கேனில் தெரிகிறது. வயிற்றைக் கிழிப்பது ஆபத்து என்று மாமி தடுக்கிறார். குறை என்னிடம்தான் என்றும் பேசுகிறார்கள். ஆண் டொக்டரிடம் ஒப்பரேஷன் செய்யலாமா?
– ஒரு சகோதரி

பதில்: முதலில் அந்தக் 'குறை'ப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். தாய் வயிற்றில் பெண் சிசுவின் கருப்பை இரு குழாய்களாகவே தொடங்குகிறது. பின் அவை இணைந்து, நடுச்சுவர் கரைந்து ஓர் அறையாகிறது. சிலருக்கு அது முழுதாகக் கரைவதில்லை. இது பிறப்பிலேயே அமைவது. உங்கள் செயலால் வந்ததல்ல.

முன்பு வயிற்றைத் திறந்து, கருப்பையை வெட்டித் தைத்தார்கள். மாமியின் அச்சம் அக்காலத்துக்குரியது. இப்போது பிறப்புறுப்பு வழியே மெல்லிய கெமராக் குழாயைச் செலுத்தி, திரையில் பார்த்தபடியே சுவரை வெட்டுகிறார்கள். வயிற்றில் காயமில்லை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

ஆனால் சில முன்னெச்சரிக்கைகள் வேண்டும். வெளிப்புறமும் பள்ளமாக உள்ள இரு கொம்புக் கருப்பையைத் தடுப்புச் சுவர் என எண்ணி வெட்டினால் கருப்பை துளைபடும். எனவே முப்பரிமாண ஸ்கேனில் வெளிவடிவத்தையும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். மாதவிடாய் முடிந்தவுடன் உட்சவ்வு மெல்லியதாக இருப்பதால் அதுவே வசதியான காலம். வெட்டும்போது வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்து ஆழத்தைக் கவனிப்பதும், உட்செலுத்தும் திரவம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று கணக்கு வைப்பதும் பாதுகாப்பு. துளைபடுதல், இரத்தப்போக்கு, பின்னர் உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை அரிதாயினும் நேரக்கூடியவை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நெதர்லாந்து வைத்தியர்கள் முன்னின்று பல நாடுகளில் 80 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கப்பட்ட 39 பேரில் 12 பேருக்கும், அது செய்யாமல் காத்திருந்த 40 பேரில் 14 பேருக்கும் உயிருள்ள பிள்ளை கிடைத்தது. அதாவது, வெட்டியதால் பலன் கூடவில்லை. ஆய்வு சிறியது என்பதால், பலமுறை கரு கலைந்தோருக்குச் சத்திரசிகிச்சையை இன்னும் பரிந்துரைக்கும் நிபுணர்களும் உளர். ஆகவே கருச்சிதைவுக்கு வேறு காரணங்கள் இல்லையா, என் சுவர் எவ்வளவு நீளம், இதை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

மார்க்கத்தைப் பொறுத்தவரை, சிகிச்சை தேடுவது ஆகுமானதே. தகுதியான பெண் வைத்தியர் இருந்தால் அவரிடமே செல்லுங்கள். இல்லையெனில், தேவைக்காக ஆண் வைத்தியரிடம் செய்யலாம்; தேவையான அளவே பார்க்க வேண்டும், கணவரோ நம்பிக்கையான பெண்ணோ உடனிருக்க வேண்டும்.

அடுத்த முறை டொக்டரிடம் போகும்போது கணவரையும் கூட்டிச் செல்லுங்கள். அவர் தன் காதால் கேட்டால், வீட்டில் உங்களுக்காகப் பேச ஒருவர் கிடைப்பார். அல்லாஹ் உங்களுக்கு ஸாலிஹான பிள்ளைகளைத் தந்தருள்வானாக!