பசும்பாலா, பால் பவுடரா? முதலில் விடுப்பைப் பேசுவோம்

ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களாக இருக்கும் பெண்களின் கூலியும் வேலைநேரமும்தான் என் முனைவர் பட்ட ஆய்வின் பொருள். மூன்று ஆண்டுகளாக அவர்களோடு பேசி வருகிறேன். நான் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தபின், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் என்னைத் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, பாக்கெட் பாலே குடுத்துடட்டுமா, இல்ல டப்பாதான் வாங்கணுமா?" பிரசவமாகி நாற்பது நாள்கூட ஆகாமல் வேலைக்குத் திரும்பிய பெண்ணின் கேள்வி இது. "தாய்ப்பாலே சிறந்தது" என்று பதில் சொல்லிவிட்டு எழுந்து வருவது எளிது. சுகாதார நிலையத்துச் சுவரில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு வருகைப் பதிவுக்கு நிற்பவருக்கு அந்தச் சுவரால் என்ன பயன்?

ஆகவே கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைக்கவில்லை என்றால், கொடுக்க வேண்டியது கைக்குழந்தைக்கென்று தயாரித்த பால் பவுடர்தான். பசும்பால் வேண்டாம். தாய்ப்பாலில் 100 மில்லிக்குச் சுமார் 1 கிராம் புரதம் இருக்கிறது. பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். உப்புச் சத்துகளும் அதிகம். பிஞ்சுச் சிறுநீரகம் அந்தச் சுமையைத் தாங்காது. இரும்புச்சத்தோ மிகக் குறைவு. சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் குடலில் ரத்தக் கசிவும் ஏற்படும். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை, தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்குப் பவுடரோ விலங்குப் பாலோ எதையும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். நம்மூர்க் குழந்தை மருத்துவர்கள் பலர் ஒரு வயதுவரை பசும்பாலைத் தள்ளிவைக்கவே சொல்கிறார்கள். ஒரு வயது முடிந்துவிட்டால் காய்ச்சிய பாக்கெட் பால் போதும். "வளரும் குழந்தைக்கு" என்று அடுத்தடுத்த எண் போட்டு விற்கும் டப்பாக்கள் தேவையில்லை என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது.

ஆறு மாதத்துக்கு மேல் எந்தப் பால் கொடுத்தாலும் இரும்புச்சத்து சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். பேரீச்சை, மாதுளை என்று பட்டியல் எழுதுபவர்கள் ஈரலை ஏன் எழுதுவதில்லை? வாரத்துக்கு ஒருமுறை சிறு துண்டு ஈரலை வேகவைத்து மசித்துக் கொடுப்பது நம் வீடுகளில் புதிதல்ல. மாட்டு ஈரல் என்றால் விலையும் கைக்கு எட்டும். பட்டியலில் அது இல்லாததற்குக் காரணம் மருத்துவம் அல்ல.

இனி கணக்கு. ஐந்து மாதக் குழந்தை ஒரு நாளைக்கு 700 முதல் 800 மில்லி குடிக்கும். 100 மில்லிக்குச் சுமார் 13 கிராம் பவுடர் வேண்டும். அதாவது நாளொன்றுக்கு 100 கிராம். 400 கிராம் பெட்டி நான்கு நாள் வரும். மாதத்துக்கு ஏழெட்டுப் பெட்டி. பெட்டி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆக, மாதம் சுமார் 3,000 ரூபாய் ஆகும். ஆவின் நீலப் பாக்கெட் 2021 மே மாதம் விலை குறைக்கப்பட்டபின் அரை லிட்டர் 20 ரூபாய். அதே 750 மில்லியை அதில் கொடுத்தால் மாதம் 900 ரூபாய். என்னிடம் பேசிய ஒருவர், சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு டப்பாவுக்கே போய்விடுகிறது என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். பிறகு என்ன நடக்கும்? ஒரு கரண்டிக்கு உரிய தண்ணீரைப்போல் இரண்டு பங்கு ஊற்றுவார்கள். நான்கு நாள் வர வேண்டிய பெட்டி எட்டு நாள் வரும். குழந்தையின் வயிறு நிறையும், எடை ஏறாது. பாக்கெட் பாலும் அப்படித்தான், "மாவு மாதிரி கெட்டியா இருக்கு, செரிக்காது" என்று தண்ணீர் கலந்தே போகிறது. எடை பார்க்கும் இடத்தில் இந்தத் தாயை அறியாமைக்காரி என்று திட்டுகிறார்கள். அவருக்கு அளவு நன்றாகவே தெரியும். காசுக்குத் தகுந்த அளவு அது.

பவுடர் கலப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். பவுடர் கிருமியற்றது அல்ல. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிய அரைமணிக்குள், சூடாக இருக்கும்போதே கலந்து, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும். மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். புட்டியைவிடப் பாலாடையே நல்லது. மூலை முடுக்கு இல்லாததால் தேய்த்துக் கழுவ எளிது. எங்கள் வீட்டிலிருந்த பாலாடை வெள்ளி இல்லை, அலுமினியம். அதுவே போதும். ஆனால் தெருக்குழாயில் மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் இடத்தில் எட்டு வேளையும் தண்ணீர் கொதிக்கவைத்து, எட்டு வேளையும் மீந்ததைக் கொட்டுவது எப்படி என்று எந்தப் பெட்டியிலும் அச்சிட்டிருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் "அதற்குத்தான் கறந்த பால் நல்லது என்கிறோம்" என்று சிலர் வருகிறார்கள். நம் தோழர்களிலும் இருக்கிறார்கள். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, ஏ2 பால் என்ற பேச்சு முற்போக்கு மேடைகளிலும் ஏறிவிட்டது. அவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு: யார் வீட்டு மாட்டில் கறந்த பால்?

என் பாட்டி பால் வாங்கிய விதத்தை அம்மா சொல்லியிருக்கிறார். சொம்பை எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவின் பின்பக்கமாகப் போக வேண்டும். கொல்லைப் படலுக்கு வெளியே சொம்பைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். படி சொம்பில் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். வீட்டுக்கும் ஊருக்கும் ஊற்றியது போக மீந்த பால் அது. அதற்கான காசு களையெடுப்புக் கூலியில் கழியும். எத்தனை ஆழாக்கு என்பது ஊற்றியவர் சொல்வதுதான் கணக்கு. குழந்தைக்குப் பால் வேண்டும் என்பதால் அந்தக் கணக்கை யாரும் மறுத்துப் பேசியதில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்க முடியாது. 2001-02 இல் பதினோரு மாநிலங்களில் 565 கிராமங்களில் எடுத்த கள ஆய்வு, 'ஊரக இந்தியாவில் தீண்டாமை' என்ற ஆங்கில நூலாக 2006 இல் வந்தது. கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட், சதீஷ் தேஷ்பாண்டே, அமிதா பவிஸ்கர் எழுதியது. பால் கூட்டுறவுச் சங்கத்தில் தலித்துகளைப் பால் ஊற்ற விடாத ஊர்கள் ஏறத்தாழ பாதி என்றும், பால் வாங்கவே விடாத ஊர்கள் ஏறத்தாழ நான்கில் ஒன்று என்றும் அது பதிவு செய்கிறது. வெண்மைப் புரட்சி நடந்து முடிந்த நாட்டில்! எங்கள் தெருவுக்குள் யார் கையையும் பார்க்காமல் வந்த முதல் பால் பாக்கெட் பால்தான். பெட்டிக் கடையில் காசை வைத்தால் எடுத்துக் கொடுத்தார்கள். படல் இல்லை, சொம்பு இல்லை. பிளாஸ்டிக் உறையை எதிர்த்துப் பேசும் நண்பர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பசுவைத் தாய் என்று சொன்ன பார்ப்பனியமே பசும்பாலைத் தாய்ப்பாலுக்குச் சமம் என்றும் ஆக்கிவைத்தது. பசுவின் பால் கன்றுக்கானது. பிறந்த அன்றே எழுந்து நிற்கும் கன்று, இரண்டு மாதத்துக்குள் எடை இரட்டிப்பாகும். மனிதக் குழந்தைக்கு அதற்கு நான்கைந்து மாதம் ஆகும். கன்றின் வேகத்துக்கான பாலை நம் பிள்ளை வயிற்றில் ஊற்றிவிட்டுப் புனிதம் பேச முடியாது. ஏ2 என்று இரண்டு மூன்று மடங்கு விலை வைத்து விற்றாலும் புரத அளவும் இரும்புப் பற்றாக்குறையும் மாறிவிடுவதில்லை. இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இந்தியாவில் பெரிய அளவில் கைக்குழந்தை உணவு தயாரிக்க மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950களில் வழி கண்டது எருமைப் பாலில். அமுல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கோமாதா படத்துக்குக் கீழே அந்த டப்பாவை அடுக்கி வைத்த வீடுகள் எத்தனையோ! எருமைக்கு யாரும் மாலை போடவில்லை.

பவுடர் கம்பெனிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஏழை நாடுகளில் தாய்ப்பாலை ஓரங்கட்டி டப்பாவை விற்றதற்காக 1977 இல் நெஸ்லே புறக்கணிப்பு இயக்கம் தொடங்கியது. 1981 இல் உலக சுகாதாரப் பேரவை சந்தைப்படுத்தலுக்கு நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992 இல் சட்டமே போட்டது. 2003 இல் அதை இன்னும் இறுக்கியது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பவுடருக்கு விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் கூடாது. நல்ல சட்டம். அதன் பிறகும், ஐரோப்பாவில் சர்க்கரை சேர்க்காமல் விற்கும் செரலாக்கை இந்தியாவில் சர்க்கரை சேர்த்து விற்பதை 2024 இல் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு வெளிக்கொண்டு வந்தது. கம்பெனியைக் கண்காணிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டம் கடையோடு நின்றுவிட்டது. டப்பாவை வாங்காதே என்று சொன்ன அரசு, டப்பா தேவைப்படாத ஆறு மாதத்தை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. என் குழந்தைக்கு ஆறு மாதம் வரை வேறு எதுவும் கொடுக்கவில்லை என்று நானும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். அதற்குக் காரணம் என் தாய்மை அல்ல. ஆய்வு மாணவிகளுக்கு 240 நாள் வரை விடுப்பு தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறையில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கும் துறைக்கும் இரண்டு மாதம் அலைந்தேன்; உதவித்தொகை இன்னும் நான்கு மாதம் தாமதமானது. இருந்தாலும் வரி இருந்தது, பெற்றேன்.

தமிழ்நாட்டு அரசுப் பணியில் நிரந்தரமாக இருக்கும் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் பேறுகால விடுப்பு 365 நாள், முழுச் சம்பளத்தோடு. மகிழ்ச்சி. அதே ஊரின் குப்பையை அள்ளும் ஒப்பந்தப் பெண்ணுக்கு? 1961 பேறுகாலப் பயன் சட்டம் 2017 திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம் தந்தது. தினக்கூலிப் பெண்களுக்கும் அது பொருந்தும் என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. சட்டத்தில் ஓட்டை இல்லை, ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. நான் களத்தில் பார்த்த ஊரில் ஏழாம் மாதம் ஆனதும் பெயர் வருகைப் பட்டியலிலிருந்து காணாமல் போகிறது. குழந்தை பிறந்து திரும்பி வந்தால் புதிதாகச் சேர்ந்தவர் என்று வேறு எண். எப்போது திரும்பி வந்தால் அந்த இடம் இருக்கும் என்பது மேஸ்திரி வாயில் இருக்கிறது. அதனால்தான் நாற்பதாம் நாளுக்கு முன்பே வந்து நிற்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்கள் யார், எந்தச் சாதி என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நிரந்தரப் பணியிடங்களைக் கலைத்து ஒப்பந்தத்துக்கு விட்டபோது, கூலியோடு சேர்த்து அந்தக் குழந்தைகளின் ஆறு மாதத்தையும் ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள்.

அமைப்புசாராப் பெண்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. 1987 இல் 300 ரூபாயில் தொடங்கியது, 2018 முதல் 18,000. நாட்டிலேயே முன்னோடித் திட்டம், மறுக்கவில்லை. அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகம். கையில் வருவது 14,000. ஆறு மாதத்துக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 77 ரூபாய் சொச்சம். 2024-25 இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலையின் நாள்கூலி 319 ரூபாய். அந்தக் கூலியைக் கொடுப்பதென்றால் 180 நாளுக்கு 57,420 ரூபாய் ஆகும். வீட்டில் இருந்து பாலூட்டு என்று சொல்லும் அரசு அதற்குத் தரும் கூலி, தானே நிர்ணயித்த குறைந்தபட்ச வேலையின் கால் பங்குக்கும் கீழே.

1928 இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், இந்தச் சுமையில் பெரும்பங்கு அரசுடையது, ஆனால் அவள் உழைப்பால் லாபம் பார்க்கும் முதலாளி விலகிக்கொள்ள முடியாது என்ற நிலையை எடுத்தார். அடுத்த ஆண்டு அது ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குச் சட்டமானது. கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆகப் போகிறது. மாநகராட்சியிடம் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் கை காட்டுகிறது. ஒப்பந்தக்காரர் மாநகராட்சியைக் கை காட்டுகிறார்.

விடுப்பு கிடைத்தாலும் சிலருக்குப் பவுடர் தேவைப்படும். தாய் இறந்த குழந்தை, தாய் கடும் மருந்து எடுத்துக்கொள்ளும் குழந்தை, எவ்வளவு முயன்றும் பால் போதாத குழந்தை எல்லாம் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் ஆறு மாதத்துக்கான பவுடரை ஆரம்ப சுகாதார நிலையத்தில், கம்பெனிப் பெயர் இல்லாத உறையில், மருத்துவர் சீட்டின் பேரில் மருந்துபோல் இலவசமாகக் கொடுக்க வேண்டும். இது தாய்ப்பாலைக் கெடுக்கும் என்று சில பொதுச் சுகாதார நண்பர்கள் அஞ்சுகிறார்கள். சீட்டு எழுதும்போதே தாய்ப்பாலைத் திரும்பக் கொண்டுவர உதவியும் கொடுங்கள் என்பதே என் பதில். இப்போது தாய்ப்பாலைக் கெடுத்துக்கொண்டிருப்பது காலை ஐந்து மணி வருகைப் பதிவுதான்.

நான் ஆய்வு செய்யும் ஊரில் சங்கம் அடுத்த பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியலைத் தயாரித்து வைத்திருக்கிறது. கூலி, பி.எஃப்., கையுறை, சீருடை, வார விடுமுறை என்று பதினாறு கோரிக்கைகள். பேறுகால விடுப்பு பதினோராவதாக இருக்கிறது. ஏழாம் மாதத்தில் பெயரை நீக்குவதும் திரும்பி வந்தால் புது எண் கொடுப்பதும் பட்டியலில் இல்லவே இல்லை. இரண்டையும் சேர்த்து, முதல் மூன்றுக்குள் வைக்கும்படி சங்கத்துப் பெண்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நிர்வாகிகள் அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.