மின்சாரக் காருக்குப் பின்னால் ஒரு பேட்டரி வண்டி: நீண்ட பயணத்துக்கு உதவுமா?

சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர். தைப்பூசத்துக்கு அங்கே காரில் போகும் குடும்பங்கள் உண்டு. உங்களுடையது மின்சாரக் கார் என்றால், கிளம்பும் முன்பே வீட்டில் யாராவது கேட்பார்கள்: "வழியில சார்ஜ் தீர்ந்துட்டா என்ன பண்றது?"

அந்தப் பயத்தில் பெரிய பேட்டரி உள்ள காரைத் தேடுவோரும் இருக்கின்றனர். விலை கூடும், எடையும் கூடும். ஆனால் அவ்வளவு தூரம் ஆண்டுக்கு எத்தனை முறை போகிறோம்?

அதற்கு ஒரு மாற்று யோசனை உண்டு. கூடுதல் சக்தியைத் தேவைப்படும் நாளில் மட்டும் வாடகைக்கு எடுத்து, காருக்குப் பின்னால் டிரெய்லராக மாட்டிக்கொள்வது. சினிமா டிரெய்லர் இல்லை. கொக்கியில் மாட்டி இழுத்துச்செல்லும் சிறு வண்டி!

இது புது யோசனையா?

இல்லை. 1990களிலேயே கலிஃபோர்னியாவின் ஏசி புரொபல்ஷன் நிறுவனம் அதைச் செய்துபார்த்தது. பொறியாளர் ஆலன் கொக்கோனி உருவாக்கிய 'லாங் ரேஞ்சர்' டிரெய்லரில் இருந்தது பேட்டரி அல்ல. 500 சிசி மோட்டார்சைக்கிள் இயந்திரமும் ஜெனரேட்டரும். கார் ஓட ஓட அது சுமார் 20 கிலோவாட் மின்சாரம் கொடுத்தது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும் காருக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை.

பிரான்சின் ஈபி டெண்டர் நிறுவனமும் முதலில் பெட்ரோல் இயந்திரத்தோடுதான் தொடங்கியது. பின்னர் 60 கிலோவாட்-மணி பேட்டரி டிரெய்லருக்கு மாறியது. நெடுஞ்சாலை ஓரம் வாடகைக்கு எடுக்கலாம், தீர்ந்ததும் வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம் என்பது அதன் திட்டம்.

பேட்டரி இரு மடங்கானால் தூரமும் இரு மடங்காகுமா?

ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் காரின் பேட்டரி 60 கிலோவாட்-மணி. 100 கிலோமீட்டருக்கு 18 கிலோவாட்-மணி செலவாகிறது என்றால், சுமார் 330 கிலோமீட்டர் ஓடும்.

இப்போது அதே அளவு பேட்டரியை டிரெய்லரில் சேர்க்கிறோம். எடையும் காற்றின் தடையும் கூடுவதால், செலவு 24ஆக உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 கிலோவாட்-மணியில் கிடைப்பது 500 கிலோமீட்டர். அதாவது இரண்டு மடங்கு பேட்டரிக்கு ஒன்றரை மடங்கு தூரம். பினாங்குக்குப் போக வழியில் ஒரு முறையாவது நிறுத்தியே ஆகவேண்டும்.

அப்படியென்றால் ஏன் சாலையில் பார்க்க முடியவில்லை?

முதல் காரணம், காரின் வடிவமைப்பு. பல மின்சாரக் கார்களுக்கு டிரெய்லர் இழுக்க அனுமதியே இல்லை. ஓடும்போது வெளியிலிருந்து உயர் அழுத்த மின்சாரத்தை உள்ளே வாங்க, கார் தயாரிப்பாளர் அதற்கென இணைப்பும் மென்பொருளும் கொடுக்கவேண்டும். இல்லையென்றால் உத்தரவாதம் என்னாவது?

இரண்டாவது, ஓட்டுவது. டிரெய்லரோடு பின்னோக்கி எடுப்பது தனிக் கலை. பல நாடுகளில் வேகக் கட்டுப்பாடும் மாறும். ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் கார்களுக்குப் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர்தான்.

மூன்றாவது, விழாக்காலம். எல்லாருக்கும் டிரெய்லர் தேவைப்படுவது அதே நாட்களில். தைப்பூசத்துக்கும் சீனப் புத்தாண்டுக்கும் போதுமான டிரெய்லர்களை வாங்கி வைத்தால், மற்ற நாட்களில் அவை சும்மா கிடக்கும். கார் வாங்கியவரின் சுமை வாடகை நிறுவனத்தின் தலைக்கு மாறும், அவ்வளவுதான்!

டிரெய்லரே தன்னைத் தள்ளிக்கொண்டால்?

அந்தப் பாதையில் சற்று முன்னேற்றம் தெரிகிறது. ஜெர்மனியின் டெத்லெஃப்ஸ் நிறுவனம் 80 கிலோவாட்-மணி பேட்டரியும் சொந்த மோட்டாரும் உள்ள கேரவனை உருவாக்கியது. 2021இல் ஓர் அவ்டி மின்சாரக் கார் அதை இழுத்துக்கொண்டு, நடுவே மின்னூட்டாமல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து 386 கிலோமீட்டர் சென்றது. சாதாரண கேரவன் என்றால் காரின் தூரம் பாதியாகக் குறையலாம். ஆனால் இது கேரவன் வைத்திருப்போருக்கான தீர்வு. பலகாரப் பையோடு ஊருக்குப் போகும் நமக்கல்ல.

நமக்கு என்ன வழி?

330 கிலோமீட்டர் ஓடும் அதே கார், டிரெய்லர் இல்லாமல், வழியில் இரண்டு இடத்தில் விரைவு மின்னூட்டினாலே பினாங்கு போய்ச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், சாப்பிட்டு, கை கால் நீட்ட அந்த நேரம் தேவைதானே?

ஆக, பிரச்சினை காரில் இல்லை, வரிசையில் இருக்கிறது. சிங்கப்பூர் 2030க்குள் 60,000 மின்னூட்டு முனைகளை இலக்காக வைத்துள்ளது. மலேசியா 2025க்குள் 10,000 என இலக்கு வைத்தது. ஆனால் நீண்ட பயணத்துக்கு மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது. கடைத்தொகுதியில் மெதுவாக ஏற்றும் முனை வேறு, நெடுஞ்சாலை ஓய்விடத்தில் அரை மணியில் ஏற்றும் முனை வேறு. டிரெய்லரைப் போல் இல்லாமல், அது ஆண்டு முழுதும் அவ்வழியே போகும் எல்லாருக்கும் பயன்படும்.

எனவே மின்சாரக் கார் வாங்க யோசிக்கிறீர்களா? எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவு வேகமாக மின்னூட்டும், நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையில் விரைவு முனைகள் எத்தனை என்பதையும் கேளுங்கள். ஆண்டில் இரண்டு பயணத்துக்காக, 365 நாளும் பெரிய பேட்டரிக்குப் பணம் கட்டவேண்டியதில்லை.